இல்லாத காளை

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தம்பி. எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டேன். பையை மட்டும் மடியில் வைத்துக்கொள்கிறேன், உள்ளே புத்தகம் இருக்கிறது, மேலே போட்டால் கசங்கிவிடும். திருச்சிக்கா? நானும் திருச்சி போய், அங்கிருந்து திண்டுக்கல். ராத்திரி எனக்கு ஷிப்ட். மாநகராட்சித் தண்ணீர் பம்ப் ஹவுஸ். ஊர் தூங்குகிற நேரத்தில் மோட்டாரை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிற வேலை. மற்றவன்கள் சீட்டு ஆடுவான்கள், செல்லில் படம் பார்ப்பான்கள். நான் படிப்பேன். கோயில் கட்டடம், ஓவியம், செப்புத் திருமேனி. பத்தாவதோடு நின்றவன் என்று என்னைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், கவனித்திருப்பீங்க. எங்கள் ஷிப்டில் எனக்குப் புலவர் என்று பேர். கிண்டல்தான். இருக்கட்டும். நிஜப் பேர் அழகுமலை.

தஞ்சாவூருக்கு எதற்கு வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஒரு சிலை பார்க்க வந்தேன். ஒன்றே ஒன்று. அரண்மனைக்குள் சிலைக்கூடம் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு சிவன். காளை மேல் கையை வைத்துச் சாய்ந்து நிற்கிற சிவன். ஆனால் காளை இல்லை. எப்போதோ காணாமல் போய்விட்டது. கை மட்டும் காற்றில் அப்படியே நிற்கிறது. ஆயிரம் வருஷமாக, இல்லாத காளை மேல் சாய்ந்துகொண்டு, ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே போட்டு, என்ன சொகுசு, என்ன சொகுசு! விழுந்துவிடுவோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் கிடையாது. புத்தகத்தில் அந்தப் படத்தை எத்தனை ராத்திரி பார்த்திருப்பேன்! பக்கமே தேய்ந்து போயிற்று.

தனியாகத்தான் போனேன். நடந்துதான் போனேன். பழைய நகரத்தைப் பார்க்க அது ஒன்றுதான் வழி தம்பி. காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் ஆட்டோக்காரன்கள் சூழ்ந்துகொண்டான்கள். "பெரிய கோயில், அரண்மனை, எல்லாம் சுத்திக் காட்டி மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து விட்டுர்றேன், ஏறுங்க" என்றான் ஒருவன். "ராஜராஜன் உன்னை மாதிரி நினைத்திருந்தால் கோயிலே கட்டியிருக்க மாட்டான், ஆட்டோ ஸ்டாண்டுதான் கட்டியிருப்பான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "ஏங்க, அம்மா காலு வீங்கியிருக்கு பாருங்க, அவங்களாலே நடக்க முடியாது" என்று பின்னால் கையைக் காட்டினான். நான் நடந்துவிட்டேன்.

எனக்கு ஒரு முறை இருக்கிறது. வழி கேட்க மாட்டேன். பேச்சுத் துணை வைத்துக்கொள்ள மாட்டேன். பேச்சு வந்தால் கண் போய்விடும். தெரு முனையில் நிற்பேன், மாடத்தைப் பார்ப்பேன், பழைய கதவைப் பார்ப்பேன், போவேன். தெற்கு வீதியில் ஒரு பூக்காரி விடாமல் கூப்பிட்டாள்.

"ஐயா, அம்மாவுக்குப் பூ வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."

"எந்த அம்மாவுக்கு?"

"பின்னாடி வர்றாங்களே, மூச்சு வாங்கிக்கிட்டு. உங்க வூட்டம்மாதானே?"

என்ன தம்பி, முகம் மாறுகிறது? ஆமாம், அவள் வந்தாள். என் சம்சாரம். பஞ்சவர்ணம் என்று பேர். தனியாகப் போனேன் என்று நான் சொன்னது பொய்யில்லை. கூட வருவது வேறு, பின்னால் வருவது வேறு. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகட்டும், புரியும்.

வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளுக்கு அவள் வேலை. எங்களுக்கு ஒரே மகள், சுகந்தி. இந்தப் பக்கம் ஒரத்தநாட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. முதல் ரெண்டு பிள்ளையும் அஞ்சாம் மாசத்தில் கலைந்துவிட்டது. இது மூணாவது, நிறைமாசம். அதற்கு இவள் ஒரு வேண்டுதல் போட்டிருக்கிறாள். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறதல்லவா, அந்த அம்மனுக்குப் பாவாடை சாத்துகிறேன் என்று. பிரசவத்துக்கு முந்தியே சாத்திவிட வேண்டுமாம். சின்னப் பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி அரக்குக் கலரில் பட்டுப் பாவாடை, பச்சைக் கரை, தானே பார்த்து வாங்கித் தைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, அதை ஒரு பிள்ளை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, மொதல்ல கோயிலுக்குப் போயிட்டு வந்துருவோமா? டவுன் பஸ்ஸு இருக்குதாம்" என்று பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்தாள்.

"மத்தியானம் பார்க்கலாம்" என்றேன்.

பார்க்கலாம் என்று நான் சொன்னால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரிய வேண்டாமா? அந்தக் கோயிலில் பார்க்க என்ன இருக்கிறது? கோபுரத்துப் பொம்மைக்கெல்லாம் எனாமல் பெயிண்ட் அடித்திருப்பான். எனக்குக் கண் வலிக்கும். அதையும் சொன்னேன். "நீங்க கண்ண மூடிக்கிட்டு நில்லுங்க, நான் கும்புட்டுக்கிடுறேன்" என்கிறாள். பேச்சைப் பாருங்க.

பெரிய கோயிலுக்குள் போனோம். போனேன். விமானத்துத் தெற்குச் சுவரில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு மாடமாக. வெயில் ஏறிவிட்டது, கல் தகிக்கிறது. எனக்குச் சூடு தெரியவில்லை. அதுதான் கலை. இவள் பின்னால் நின்று ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலை வைத்து, மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேலே பார், எல்லாரும் ஆயிரம் வருஷமாக ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், ஒருத்தராவது முனகுகிறார்களா?" என்றேன். நல்ல பேச்சு, இல்லையா? பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் எதற்கும் சிரித்துவைப்பாள்.

பத்தடி தள்ளித் தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தது, நடப்பவர்களுக்கு. அதில் போய் நின்றிருக்கலாம். போகவில்லை. அங்கே நின்றால் நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று தெரியாமல் போய்விடுமாம். போட்டோ எடுக்கும்போது குறுக்கே இவள் நிழல். "தள்ளு, தள்ளு" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

ஒரு நிமிஷம். பைக்குள் போன் அடிக்கிறது. அடிக்கட்டும், நின்றுவிடும். என்னுடையது இல்லை, அவளுடையது. மகள் வாங்கிக்கொடுத்தது. நல்ல கேமரா, என்னுடையதில் எடுத்தால் சிற்பம் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி விழும். அதனால் காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு எதற்கு? அதில் மகள் படத்தைத் தொட்டால் மகளிடம் போகும், அது ஒன்றுதான் தெரியும் அவளுக்கு. பெரிய அறிவில்லை தம்பி. நல்லவள்தான். நல்லவள் இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

அவள் எங்கே என்றா? சொல்லிக்கொண்டுதானே வருகிறேன்.

அரண்மனைக்கு நடந்தோம். அதுவும் நடைதான். அவளுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது போல, ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறேன், சத்தம் மாறிப் போயிருந்தது. சரக், ஒன்றுமில்லை, சரக், ஒன்றுமில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று இருந்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படி இல்லை. உள்ளே நுழைந்து, அதையும் இதையும் பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே போய், நேரே அவன் முன்னால் போய்த் தலையை நிமிர்த்தினேன்.

என்ன சொல்ல! படத்தில் பார்த்தது எல்லாம் பொய். தலையில் சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறான், பாம்பு நெளிகிறது. அந்தக் கை! எதையோ தடவிக்கொண்டே சாய்ந்திருக்கிற கை. நீங்கள் அதைப் பார்த்தால் அங்கே காளை இருக்கிறது என்றே நினைப்பீர்கள். திமிலின் உயரம்கூடத் தெரியும். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சத்தியமாக. பம்ப் ஹவுஸில் மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்து கிடக்கிற ராத்திரி எல்லாம் அங்கே கரைந்துபோன மாதிரி இருந்தது. இதைச் சொன்னால் யாருக்குப் புரிகிறது? எனக்கு யார் இருக்கிறார்கள் சொல்வதற்கு?

அந்த நேரம் பார்த்து ஒரு பேராசிரியர் வந்தார். ஓவியக் கல்லூரியாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "இந்தச் சிவன் எதன் மேல சாய்ஞ்சிருக்கார், யாராவது சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் முழித்தார்கள். நான் சொன்னேன். காளை, திமில், கை எல்லாம் சொன்னேன். "அந்தக் காளையைத் திருடிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், இப்போது ஏதோ வெளிநாட்டுக்காரன் வீட்டில் இருக்கிறது" என்றும் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நல்ல ஊகம்" என்றார். நல்ல ஊகம்! பேராசிரியர் வாயால். "சார் எந்தக் காலேஜ்?" என்று கேட்டார். நான், "தனிப்பட்ட ஆராய்ச்சி" என்றேன். பொய்யா சொல்லுங்க? ஆராய்ச்சிதானே செய்கிறேன்? பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் நான் சொல்வதைக் குறித்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் சொன்னதை யாரும் குறித்துக்கொண்டதில்லை தம்பி.

அப்போதுதான் அந்தச் சிரிப்புச் சத்தம்.

அந்தச் சிவனுக்குப் பக்கத்தில் அவன் தேவி நிற்கிறாள். செப்புத் திருமேனிதான். கோயிலில் இருக்கும்போது பட்டும் மாலையும் சாத்தி முகம் மட்டும்தான் நமக்குத் தெரியும். சிலைக்கூடத்தில் சிற்பி வார்த்தபடி நிற்பாள், உடுப்பில்லாமல். அதைப் பார்க்கத்தானே போகிறோம்! அந்த இடுப்பும் தோளும். இவள், என் சம்சாரம், கயிற்றைத் தாண்டி மேடை மேல் ஏறிவிட்டாள். மஞ்சள் துணியைப் பிரித்து, அந்தப் பாவாடையைத் தேவிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறாள்! நாடாவைப் பின்னால் முடிச்சுப் போடுகிறாள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புகிற மாதிரி. கட்டிக்கொண்டே பேசுகிறாள். "ஆத்தா, எத்தனை நாளா தாயி இப்பிடி நிக்கிற? வர்றவன் போறவனெல்லாம் பாக்க, ஒரு திரை கூடப் போடாம... நான் யாருக்கோ கொண்டாந்தேன், நீயும் அவதான, நீயே உடுத்திக்க. எம் புள்ளைய மட்டும் பெத்துப் பொழைக்க விட்டுரு."

காவலுக்கு இருந்த அம்மா ஓடி வந்தாள். "ஏம்மா, ஏம்மா, தொடக் கூடாது, எறங்கு கீழ!"

"நீயும் பொம்பளதானே தாயி? நாள் பூரா இங்ஙனதான் உக்காந்திருக்க. ஒனக்கு மனசு கேக்குதா?"

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒருத்தன் போட்டோ எடுக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நான் எத்தனை பாடுபட்டு அந்த நிமிஷத்துக்கு வந்து நின்றேன், தெரியுமா? அதை ஒரு பாவாடையால் மூடிவிட்டாள்.

இறக்கி நிறுத்தினார்கள். "யாரு கூடம்மா வந்த?" என்று காவல்காரம்மா கேட்டாள். இவள் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் எல்லாரும் பார்த்தார்கள். "சார், உங்க கூட வந்தவங்களா?"

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். பேராசிரியர் நிற்கிறார். அந்தப் பெண் பேனாவும் கையுமாக நிற்கிறாள்.

"இல்லை" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சொன்னேன். "காலையிலிருந்து என் பின்னாலேயே வருகிறது இந்த அம்மா. பெரிய கோயிலிலும் பார்த்தேன். மனநிலை சரியில்லை போலிருக்கிறது, பாவம்."

அப்படிப் பார்க்காதீங்க தம்பி. முழுதும் கேளுங்க. இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அழவில்லை, கத்தவில்லை. மஞ்சள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு காவல்காரம்மாவிடம் திரும்பி, "ஆமா தாயி, இவரு யாரோ எவரோ. எனக்குத் தெரியாது" என்றாள். எவ்வளவு சமயோசிதம் பாருங்க! என் மானம் போகக் கூடாது என்று சட்டென்று புரிந்துகொண்டாள். அறிவில்லை என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன் அல்லவா, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் அவள் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். குரல்கூட நடுங்கவில்லை. நிஜமாகவே என்னைத் தெரியாதவள் மாதிரி சொன்னாள். நாடகத்தில் நடிக்கப் போயிருக்கலாம்.

பாவாடையை அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். சாத்தினதைத் திரும்ப வாங்கினால் பிள்ளைக்கு ஆகாதாம். "அப்போ ஆபீசர் வரட்டும், அவருகிட்ட சொல்லு, அதுவரைக்கும் இங்கயே உக்காரு" என்று ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். திட்டவில்லை. நல்ல ஜனங்கள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். பேராசிரியர், "அவங்கள ஒண்ணும் பண்ணிராதீங்க" என்று சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டு, "வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார். அந்த நேரத்தில் அவர் கையைத் தட்டிவிட முடியுமா? போனேன். டீ குடித்தோம். காளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினோம். போன் நம்பர் வாங்கிக்கொண்டார். பிறகு அவர்கள் வேன் கிளம்பியது. நானும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். நடந்துதான்.

திரும்பிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிப் போவேன்? அந்தக் காவல்காரம்மா முன்னால் போய் நின்று, இது என் சம்சாரம்தான் என்று சொல்லவா? மனநிலை சரியில்லாதது யார் என்று கேட்டால்? வந்துவிடுவாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது, தஞ்சாவூர் முழுக்கச் சும்மா சுற்றலாம். முந்தானையில் ஏதோ முடிந்து வைத்திருப்பாள். வழி கேட்பதற்கு அவளுக்கு வெட்கமில்லை, எனக்குத்தான் அந்தக் கொள்கை எல்லாம். என்னை விடச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாலும் ஆச்சரியமில்லை. எனக்கு ஷிப்டுக்கு டிபன் கட்ட வேண்டுமே, அது அவளுக்குத் தெரியும்.

மறுபடியும் அடிக்கிறது. விட மாட்டாள் போலிருக்கிறது மகள். எடுத்தால் அம்மாவைக் கொடு என்பாள். எடுக்கவா? நீங்கள் இப்படி முறைத்தால் எடுக்காமல் என்ன செய்வது.

ஹலோ... யாரு, மாப்பிள்ளையா? சொல்லுங்க மதியழகன்... என்ன? எப்போ?... எந்த ஆஸ்பத்திரி, தஞ்சாவூரிலேயா?... ரத்தம் எதற்கு?... இல்லை, இல்லை, அத்தை இங்கேதான்... கோயிலுக்குள்ளே இருக்கா, போனை என்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கா... வருவா. சொல்றேன். வருவா மாப்பிள்ளை, அழ வேண்டாம்னு சுகந்திகிட்ட சொல்லுங்க.

வலி வந்துவிட்டதாம். மத்தியானமே. ஒரத்தநாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அம்மா தஞ்சாவூரில்தான் இருக்கிறாள், அம்மா வரட்டும், அம்மா வந்த பிறகு ஆபரேஷன் பண்ணுங்கள் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாளாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாளாம். ரெண்டு தடவையும் இவள் பக்கத்தில் இல்லாததால்தான் தங்கவில்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அம்மாவும் மகளும் ஒரே மாதிரி மூடநம்பிக்கை. முதல் தடவை உண்டானபோதே நம் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும் என்று இவள் அழுதாள். எங்கே வைத்துக்கொள்வது? எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறை, ஒரு கூடம். அறையில் என் புத்தகங்கள் இருக்கின்றன.

வேர்க்கிறது. அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க.

இறங்கவா? செங்கிப்பட்டி வரப்போகிறது என்று எனக்கும் தெரியும். எதிரே தஞ்சாவூர் பஸ் வரும், அதுவும் தெரியும். இறங்கி? சிலைக்கூடத்துக்குப் போய்? தம்பி, ஒரு மணி நேரம் முன்னால் என்னைப் பெரிய மனுஷன் என்று மரியாதையாக வழி விட்டவர்கள் அவர்கள். மாட்டேன். என்னால் முடியாது. ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போய் என்ன செய்வேன்? என்னைக் கேட்டா அழுகிறாள்?

நீங்கள் போகிறீர்களா?

இல்லை, சொல்வதைக் கேளுங்க. நீங்கள் நல்ல பிள்ளையாகத் தெரிகிறீர்கள். திருச்சியில் உங்களுக்கு என்ன, ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் என்ன ஆகிவிடப்போகிறது? இந்தாங்க, போன். பிடிங்க. சிலைக்கூடம் மூடுவதற்கு முன்னால் போய்விடலாம். அவளிடம் இதைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்க. மகள் படத்தைத் தொட்டால் போதும், அவளுக்குத் தெரியும். யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பஸ்ஸில் கிடந்தது என்று சொல்லிவிடுங்க. என்னைப் பற்றி எதுவும் வேண்டாம். காவல்காரம்மா பக்கத்தில் இருந்தால் கட்டாயம் வேண்டாம். ஒருவேளை ஆபீசர் அனுப்பிவிட்டார் என்றால் வாசலில் எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள், இல்லை, அந்த மாரியம்மன் கோயிலுக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்துகொண்டிருப்பாள். கூட்டம்தான். கண்டுபிடித்துவிடலாம்.

அடையாளமா?

அடையாளம்... ஐம்பது வயசு இருக்கும். உயரம் நடுத்தரம். நடுத்தரம் என்றால், என் தோளுக்கு... தோளுக்குக் கொஞ்சம் மேலே. கீழே. பக்கத்தில் நின்று பார்த்தால்தானே. சேலை, இருங்க, விடிகாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, இந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் கிளம்பி வந்து வாசலில் நின்று, "போகலாமா?" என்றாள், நான் எழுந்து நடந்துவிட்டேன். நீலமாக இருக்கலாம். மூக்குத்தி போட்டிருக்கிறாளா என்று கேட்டால்... அந்தத் தேவியைக் கேளுங்க தம்பி, கழுத்தில் எத்தனை ஆரம், கால் விரலில் எங்கே மெட்டி, எல்லாம் சொல்கிறேன். இவளை எப்படிச் சொல்வது?

விசில் அடித்துவிட்டான், எழுந்திருங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, திரும்பிப் பார்ப்பாள். நான் கூப்பிட்டதில்லை, ஆனால் பார்ப்பாள்.